நாலரை அடி: ஒரு டெல்டா நகரம் தன் நீச்சல் குளத்துக்கு ஆழம் குறித்த கதை

"ஆத்தங்கரையில இருக்கிற ஊருக்கு எதுக்குய்யா சிமெண்டுத் தொட்டி?"

பகுதி சபைக் கூட்டத்தில் முதலில் எழுந்த குரல் இது. கேட்டவருக்கு எழுபது வயதுக்கு மேல். மதகு மேலிருந்து கடப்பாரைப் பாய்ச்சல் பாய்ந்து வளர்ந்தவர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர் காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் இருக்கிறது. ஊருக்குள்ளேயே குளங்கள் உண்டு. மன்னார்குடிக்குப் போனால் 23 ஏக்கரில் ஹரித்ரா நதி என்றே பெயர் வாங்கிய தெப்பக்குளம். திருவாரூருக்குப் போனால் 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்று பழைய நில அளவில் ஊரே பெருமையாகச் சொல்லும் கமலாலயம். இப்படிப்பட்ட சீமையில் பழைய நகராட்சி நீச்சல் குளம் பாழாகிவிட்டது, அடுத்து என்ன கட்டுவது என்று ஊர்கூடிப் பேசினால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஊரின் பெயரை எழுதவில்லை. வேலை இன்னும் தொடங்காத விஷயம். அதோடு இங்கே நடந்த தவறுகளில் பாதி எந்த ஊரிலும் நடக்கக்கூடியவை. மாற்று ஏற்பாட்டுக்கு யோசனை சொல்ல அமைத்த ஏழு பேர் குழுவில் நானும் ஒருவன். சிவில் டிப்ளமோ படித்து முப்பது வருடம் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவன் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் நான் தப்பான பக்கம் நின்றேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பழைய குளம் எப்படிப் போனது

25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம். ஒரு முனையில் மூன்றடி ஆழம், மறுமுனையில் ஒன்பதடி. ஆழமான பக்கத்தில் குதிக்கும் பலகையும் அதற்கு ஓர் இரும்பு ஏணியும். சராசரி ஆழம் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நிரம்பி நிற்கும்போது 5 லட்சத்து 62 ஆயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்தால் 47 நடை.

குளம் வயதானதால் செத்தது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். கான்கிரீட்டுக்கு அந்த வயது ஒரு வயதே இல்லை. அதைக் கொன்றவை இரண்டு. ஒன்று, மோட்டார் ரூமில் ஃபில்டர் நின்றுபோனது. இரண்டு, ஒரு கார்த்திகை மாதம்.

ஃபில்டர் கதை சாதாரணமானது. மோட்டார் காயில் எரிந்தது, கழற்றிக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அதன் பிறகு ப்ளீச்சிங் பவுடரை நம்பியே குளம் ஓடியது. குளோரின் கிருமியைக் கொல்லும். எண்ணெயையும் தூசியையும் அது எடுத்துப் போகாது. அது மணல் ஃபில்டரின் வேலை. கணக்குப் போட்டால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் நிற்க அந்தக் குளத்துக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய நாலு கிலோ ப்ளீச்சிங் பவுடர் போதும். அழுக்குத் தண்ணீரில் அந்தக் கணக்கு நிற்காது. போட்டதையெல்லாம் அழுக்கே தின்றுவிடும், மிச்சத்தை மத்தியான வெயில் தின்றுவிடும். இன்னும் போடு என்பார்கள். போடப் போட பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, ஏறும். அது 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நிற்க வேண்டும். எட்டைத் தாண்டினால் குளோரினுக்கே வீரியம் குறைந்துவிடும். கடைசிக் கோடைகளில் அந்தத் தண்ணீரில் இறங்கி வந்த பிள்ளைகளுக்குக் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்ததற்கும், தண்ணீர் மட்டும் பச்சையாகவே நின்றதற்கும் காரணம் இதுதான்.

கார்த்திகைக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் படித்த படிப்பில் பாதி அந்த ஒரு வாரத்தில் அடங்கும்.

ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதம், வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொண்டது, குளிக்க ஆள் வரவில்லை. இதுதான் சமயம் என்று குளத்தை இறைத்துப் பாசி சுரண்டத் தொடங்கினார்கள். நான்காம் நாள் காலை, ஆழமான பக்கத்தில் தரை நடுவில் உப்பி, டைல்ஸ் வெடித்துக் கிடந்தது. மண் சரியில்லை, அஸ்திவாரம் சரியில்லை, அந்தக் காலத்துக் காண்ட்ராக்டர் சிமெண்டைத் தின்றுவிட்டான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

டெல்டாவில் அந்த மாதம் மூன்றடி தோண்டினால் தண்ணீர். குளத்தின் தரையோ ஒன்பதடியில் இருக்கிறது. ஆக, வெளியே மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர் தரைக்கு மேல் ஆறடி உயரம். உள்ளே குளம் நிறைந்திருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். உள்ளே இறைத்துவிட்டால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் கீழிருந்து 1.8 டன் தள்ளும். எட்டங்குலக் கான்கிரீட்டின் எடை சதுர மீட்டருக்கு அரை டன். யார் ஜெயிப்பார்கள்? வெற்றுப் படகு போல அந்தத் தொட்டி மிதக்கப் பார்த்தது. மிதக்க முடியாமல் உடைந்தது.

இதற்கென்றே தரையில் ஒரு வால்வு வைப்பார்கள். வெளித் தண்ணீர் அழுத்தினால் திறந்து உள்ளே விட்டுவிடும், தரை தப்பும். பழைய வரைபடத்தில் அது இருக்கிறது. தேடிப் பார்த்தோம். கசிகிற ஓட்டை என்று நினைத்து யாரோ ஒரு புண்ணியவான் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்.

அப்புறம் விரிசலை அடைத்து, மேலே டைல்ஸ் ஒட்டி, மறுபடி நிரப்பினார்கள். தினம் இரண்டங்குலம் தண்ணீர் இறங்கியது. வெயில் குடிக்கிறது என்றார் ஒருவர். அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. குளத்துப் படியில் ஒரு வாளியை வைத்து, அதில் குளத்து மட்டத்துக்கே தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பது. வாளிக்கும் குளத்துக்கும் ஒரே வெயில். வாளியில் கால் அங்குலம் இறங்கியது, குளத்தில் இரண்டங்குலம். வித்தியாசத்தைப் பரப்பால் பெருக்கினால் தினம் பதின்மூன்றாயிரம் லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போகிறது. நாள் ஒன்றுக்கு ஒரு டேங்கர் லாரி. அந்த விரிசல் வழியாகத்தான் குளோரின் தண்ணீர் கம்பியைத் தொட்டது. துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டை இன்னும் பிளந்தது.

பூட்டுப் போட்டது அதற்காகவும் அல்ல. ஒரு சனிக்கிழமை ஆழமான பக்கத்தில் ஒரு பையன் முங்கினான். கத்தவில்லை, கையை வீசவில்லை. மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான், சத்தமில்லாமல் போவார்கள். கரையில் ஆள் இருந்தது. தண்ணீர்தான் பச்சையாக இருந்தது, அடி தெரியவில்லை. நீந்திக்கொண்டிருந்த வேறொரு பையனின் காலில் தட்டுப்பட்டதால் பிழைத்தான். மறுநாள் கேட்டில் சங்கிலி.

ஐம்பது மீட்டர் ஆசை

முதலில் வந்த யோசனைகளில் எனக்குப் பிடித்தது பெரியதுதான். ஐம்பது மீட்டர், கேலரி, இரவு விளக்கு. மாநிலப் போட்டிகள் நம் ஊருக்கு வரட்டுமே என்று நானும் பேசினேன். எஸ்டிமேட்டுக்கு ஓவியம் வரைந்து வந்தபோது அதில் நீலத் தண்ணீருக்குப் பக்கத்தில் தென்னை மரம்கூட இருந்தது.

50க்கு 25, ஆழம் 2 மீட்டர் என்றால் 25 லட்சம் லிட்டர். 208 லாரி. இவ்வளவும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியே சுழன்று வர வேண்டும். நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மா, குழுவில் இல்லாதவர், ஃபைல் கொடுக்க வந்த இடத்தில் சொன்னார்: "கட்டுறதுக்கு ஏதாவது திட்டத்துல பணம் வந்துடும் சார். கரண்ட் பில்லுக்கு எந்தத் திட்டத்துலயும் வராது. அது பொது நிதியிலதான் கட்டணும். தெருவிளக்குக்கே நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான். எனக்கு ஓவியத்துத் தென்னை மரம் வாடிப்போயிற்று. ஆனாலும் இரண்டு கூட்டம்வரை விட்டுக்கொடுக்காமல் பேசினேன். சொன்ன வாயை மூட மனசு வரவில்லை.

ஒட்டுப்போடுவோம் என்ற யோசனை சீக்கிரம் முடிந்தது. விரிசலை அடைக்கலாம், ஒன்பதடியை அடைக்க முடியாது. இடத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடலாம் என்றவர்கள், கட்டணம் என்ன வைப்பார்கள் என்று கேட்டதும் பேச்சை மாற்றினார்கள்.

குளம் இருக்க, குளம் எதற்கு

மிச்சம் இருந்தது பெரியவரின் கேள்வி. இருக்கிற குளத்தைத் தூர்வாரி, படித்துறையைச் சரிசெய்து, அதிலேயே பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினால் என்ன? செலவும் குறைவு, நிலத்தடி நீரும் ஊறும். கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன்.

பின்வரிசையில் இருந்து ஓர் இளைஞன் எழுந்தான். "நல்ல யோசனைதான் பெரியப்பா. அந்தக் குளத்துல எங்க தாத்தா எந்தத் துறையில இறங்கலாம், எந்தத் துறையில இறங்கக்கூடாதுன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இப்போது அப்படியெல்லாம் இல்லை என்று ஒருவர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. டிக்கெட் வாங்கியவன் எவனும் இறங்கலாம் என்று இருந்த முதல் தண்ணீர் எங்கள் ஊரில் அந்தச் சிமெண்டுத் தொட்டிதான். அதை நாங்கள் யாரும் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்க அவசியம் இல்லாதவர்களாக இருந்தோம்.

இன்னொரு தடை பொறியியல் சம்பந்தப்பட்டது. எவ்வளவு சுத்தமான குளமானாலும் மண் குளத்தில் அடி தெரியாது. நீச்சல் குளத்தில் கரையில் நிற்பவருக்குத் தரையிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் யாரையும் இறக்கக்கூடாது. பச்சைத் தண்ணீரில் தப்பிய பையனை ஊர் இன்னும் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் குளத்தில் பழகினோம் என்றால், இடுப்பில் சுரைக்குடுக்கையோ லாரி ட்யூபோ கட்டி, ஒரு பிள்ளைக்கு ஒரு மாமா என்று கூடவே நின்றார்கள். நாற்பது பிள்ளைக்கு நாற்பது மாமாவை எங்கே பிடிப்பது?

ஆறு என்ன ஆனது என்றும் கேட்டார்கள். மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934க்குப் பிறகு எங்கள் ஆற்றில் தண்ணீர் வருவது அந்த ஷட்டரைப் பொறுத்தது. வழக்கமான தேதி ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மணல். பள்ளிக்கூடம் திறந்ததும் ஆறு வெள்ளம். பழகுவதற்கு நேரம் இருக்கும்போது தண்ணீர் இல்லை. ஆடிப்பெருக்குக்குக் கூட்டத்தோடு கூட்டமாக இறங்குகிறவனுக்கோ, போன வருடம் முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இந்த வருடம் மணல் அள்ளிய பள்ளம் இருப்பது தெரியாது. கொள்ளிடக் கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உலகம் முழுக்க 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணீரில் தப்பிக்கும் முறையும் கற்றுக்கொடுங்கள் என்பது அது சொல்லும் தடுப்பு வழிகளில் ஒன்று. ஆற்றங்கரை ஊருக்குச் சிமெண்டுத் தொட்டி எதற்கு என்ற கேள்விக்கு நான் கண்ட பதில், ஆற்றங்கரை ஊர் என்பதுதான். இதைப் பெரியவரிடம் சொன்னேன். "நீ இன்னும் அம்பது மீட்டர் கேக்குற ஆளுதானே?" என்றார்.

வெறும் குளத்துக்குள் ஒரு கூட்டம்

பேச்சு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சுற்றியபோது, எங்கள் வார்டு கவுன்சிலர் அம்மா ஒரு வேலை செய்தார். மாநிலத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று ஆன பிறகு 2022 தேர்தலில் வந்தவர் அவர். அடுத்த கூட்டத்தைப் பழைய குளத்துக்குள்ளேயே வைக்கலாம் என்றார். சித்திரை மாதம். நிலத்தடி நீர் கீழே போயிருந்தது, குளம் காய்ந்து கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை மூன்றடிப் பக்கத்தில் போட்டோம். வந்த பிள்ளைகள் சரிவில் இறங்கி ஒன்பதடிப் பக்கத்துக்கு ஓடினார்கள்.

கவுன்சிலர் அம்மா ஆழமான பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து அளந்து சுண்ணாம்பால் மூன்று கோடு போட்டார். மூன்றடி, நாலரை அடி, ஒன்பதடி. மூன்றாவது கோட்டுக்கு ஏணி தேவைப்பட்டது.

"யாராச்சும் பெரியவங்க வந்து நில்லுங்க" என்றார். பெரியவரே போய் நின்றார். நாலரை அடிக் கோடு அவருடைய தோளுக்குக் கீழே இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். கோடு மோவாய்க்குக் கீழே. ஒன்பதடிக் கோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "அவ்ளோ தண்ணி எதுக்கு அத்தை? அங்க யார் நிப்பாங்க?"

யாரும் நிற்க மாட்டார்கள். குதிப்பார்கள். பழைய பதிவேட்டைப் புரட்டியபோதும் அதுதான் தெரிந்தது: வந்தவர்களில் பெரும்பாலோர் பழக வந்த பிள்ளைகள், அதுவும் கோடையில். அவர்கள் எல்லாரும் மூன்றடிப் பக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்க, தண்ணீரில் பெரும்பங்கு பலகையிலிருந்து குதிக்கும் பத்துப் பதினைந்து பேருக்காக நின்றது. அந்தப் பத்துப் பேரில் இளவயதில் நானும் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

எதிர்ப்பு நீச்சல் பயிற்சியாளரிடமிருந்து வரும் என்று நினைத்தோம். அவர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். உலக நீர் விளையாட்டுக் கூட்டமைப்பின் பொது அளவின்படி, மேடையிலிருந்து பாய்ந்து தொடங்கும் முனையில், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி 6 மீட்டர்வரை 1.35 மீட்டர் ஆழம் வேண்டும். மற்ற இடங்களில் 1 மீட்டர் போதும். 1.35 மீட்டர் என்பது நாலரை அடிக்கு ஒரு விரல் குறைவு. "இருபத்தஞ்சு மீட்டர் போட்டிக்கு இது தாராளம். பலகைதான் வைக்க முடியாது" என்றார்.

வரைபடம் அன்றிரவே உட்கார்ந்து போட்டேன். 25க்கு 10 மீட்டர். ஒரு முனையில் ஆறு மீட்டர் நீளத்துக்கு 1.35 ஆழம், அங்கிருந்து ஏறி மறுமுனையில் 1 மீட்டர். கொள்ளளவு சுமார் 3 லட்சம் லிட்டர். சின்னக் குழந்தைகளுக்கு ஆழம் குறைந்த முனையில் திண்ணை போல அகலப் படி. கூடவே ஒன்று செய்தோம். குளத்தை முழுக்க மண்ணுக்குள் புதைக்காமல் கரையை இரண்டடி உயர்த்தினோம். இப்போது தரைக் கான்கிரீட்டின் அடிப்பாகம் நில மட்டத்திலிருந்து மூன்றடிக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். கார்த்திகைத் தண்ணீர் நிற்கும் மட்டமும் ஏறக்குறைய அதுவே. தள்ளுவதற்கு அதற்குப் பிடிமானமே இல்லை. வால்வும் வைக்கிறோம், மூடியில் 'அடைக்காதே' என்று தமிழில் பொறித்து.

கரை உயர்ந்ததால் சாய்தளம் போட வேண்டியிருந்தது, சக்கர நாற்காலிக்கும் அது ஆயிற்று. தெருவில் மழைத்தண்ணீர் நின்றாலும் உள்ளே வராது.

தண்ணீர் ஏறக்குறையப் பாதி ஆனதால் கரண்டும் பாதி ஆகும் என்று ஒரு கவுன்சிலர் மேடையில் பேசிவிட்டார். ஆகாது. ஆழம் குறைந்த குளத்தில் ஒவ்வொரு லிட்டருக்கும் குளிக்கும் ஆள் அதிகம், அழுக்கும் அதிகம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுழன்ற இடத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சுழல வேண்டும். மிச்சமாவது தண்ணீரும் மருந்தும் கான்கிரீட்டும், மோட்டார் அல்ல. இதை எஸ்டிமேட்டில் தனிப் பக்கமாகவே எழுதச் சொன்னேன்.

ஃபில்டர் கழுவிய தண்ணீரைப் பாசன வாய்க்காலில் விடக்கூடாது என்று வாய்க்கால் கரை விவசாயிகள் வந்து நின்றார்கள். நியாயம். ஒரு தொட்டியில் சில நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், பிறகு பூங்கா மரங்களுக்கு விடலாம் என்று எழுதிக்கொடுத்தோம்.

யாருக்கு எந்த நேரம்

ஆழத்தில் ஒத்துப்போன ஊர் நேரத்தில் ஒத்துப்போகவில்லை. பழைய குளத்தில் பெண்களுக்கு என்று மத்தியானம் ஒரு மணி நேரம் இருந்தது. உச்சி வெயில், வேறு யாரும் கேட்காத நேரம். பெண் பயிற்சியாளர் போனதும் அந்த பேட்ச்சும் போயிற்று. வரவில்லை, அதனால் நிறுத்தினோம் என்றார்கள். எப்படி வருவார்கள்? சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும் நேரத்துக்கு நடுவில், சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும் மாடி வீடுகளுக்குக் கீழே.

காலை ஆறரை முதல் எட்டுவரை வாரத்தில் மூன்று நாள் பெண்களுக்கு வேண்டும் என்றார் கவுன்சிலர் அம்மா. அது ஆண்கள் நடைப்பயிற்சி முடிந்து குளிக்கும் நேரம். "ஆத்துல குளிக்கப் போங்கண்ணே, ஆத்தங்கரை ஊருதானே" என்று ஒரு பெண் சொன்னபோது பெரியவரே சிரித்துவிட்டார். இந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று கூட்டம் ஆயிற்று. கடைசியில் வாரத்துக்கு இரண்டு காலை, ஒரு மாலை என்று நின்றது. சுற்றுச்சுவர் உயரமும், பெண் பயிற்சியாளர் சம்பளமும் தீர்மானத்திலேயே எழுதப்பட்டன. பயிற்சியாளர் இல்லாத மாதம் குளத்தையே திறக்கக்கூடாது என்ற வரியைச் சேர்க்கப் பார்த்தார்கள், நகர்மன்றத்தில் நிற்கவில்லை.

பணத்துக்கு அரசின் 'நமக்கு நாமே' திட்டம் பேசப்பட்டது. மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்ட வேண்டும். அரிசி ஆலைக்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் பெரும்பகுதியை ஏற்றார்கள். கல்வெட்டில் பெயர் எந்த வரிசையில் என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது.

தீர்மானம் நிறைவேறியது. 'ஆழம் 1.35 மீட்டருக்கு மிகாமல்' என்ற வரியை அடித்துவிட்டு 'தேவைக்கேற்ப' என்று ஒருவர் மாற்றச் சொன்னார். பெண் கவுன்சிலர்கள் விடவில்லை. பழைய குதிக்கும் பலகையின் இரும்பு ஏணியை என்ன செய்வது என்று அஜெண்டாவில் ஒரு வரி இருந்தது. பூங்காவில் நிறுத்தலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பழைய இரும்பு ஏலத்தில் சேர்த்துவிட்டார்கள்.

முதல் டெண்டருக்கு ஒருவர் மட்டுமே விண்ணப்பித்ததால் மறுபடி அழைக்க வேண்டியதாயிற்று. அது முடிவதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பள்ளம் பறிக்கும் வேலையை இந்த மண்ணில் தண்ணீர் காலத்தில் தொடங்க முடியாது. தோண்டத் தோண்ட ஊறும், இறைத்தே பணம் போய்விடும். வழக்கப்படி மேட்டூரை மூடுவது ஜனவரி 28. மண் இறுக அதற்கு மேல் மூன்று வாரமாவது வேண்டும். மாசி பிறந்த பிறகு பூமி பூஜைக்கு நாள் பார்த்திருக்கிறார்கள்.